வலைக்கு அந்தப் பக்கம் போன நத்தைகள்

2014 மார்ச் 31, திங்கட்கிழமை, காலை 6.40. ஆற்று வாய்க்கு வடக்கே, கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளியில், பதினேழாம் எண் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு 188 உயிருள்ள மட்டிகள் இருந்தன. பதினெட்டாம் எண் பாத்தியில் 183 இருந்தன.

எண்ணியவர் மீன்வள அலுவலகத்திலிருந்து வரும் பெண் அதிகாரி. சேற்றுவெளியில் அவருக்கு 'அளவு மேடம்' என்று பெயர். கையில் அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம் வைத்திருப்பார். அதைச் சேற்றில் வைத்து, உள்ளே ஒரு சாண் ஆழம் தோண்டி, சல்லடையில் அலசி, கிடைப்பதையெல்லாம் எண்ணுவார். ஒரு பாத்திக்குப் பத்து இடம். எண்ணி முடிக்கும்வரை யாருடனும் பேசமாட்டார். யாராவது பேசினால் முதலிலிருந்து எண்ணுவார். அதனால் யாரும் பேசுவதில்லை.

அன்றைக்கு அவர் எண்ணி முடித்ததும் கரையிலிருந்த கொட்டகையின் சுவரில், குழாய்க்கு மேலே, ஓர் அறிவிப்பை ஒட்டினார். அக்கரைக்குப் போகும் படகுக்கு நேரான கால்வாய் வேண்டும். பதினாறில் அடியில் பாறை. பத்தொன்பதில் பழைய பாலத்தின் தூண். ஆகவே கால்வாய் பதினேழின் வழியாகப் போகும், இல்லாவிட்டால் பதினெட்டின் வழியாகப் போகும். அக்டோபர் 9-ஆம் தேதி மறுபடி எண்ணப்படும். எதில் மட்டி குறைவோ அது எடுத்துக்கொள்ளப்படும். கடைசிப் பத்தியில் ஒரு விதி இருந்தது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக உரிமம் வைத்திருப்பவர் வெளியிலிருந்து உயிருள்ள சிப்பி, நத்தை எதையாவது தன் பாத்தியில் கொண்டுவந்து விட்டால் அவருடைய எண்ணிக்கை செல்லாது. பூஜ்யம் என்று கொள்ளப்படும்.

பதினேழின் உரிமம் எறும்பின் பெயரில் இருந்தது. பதினெட்டு நிதானத்தின் பெயரில். இரண்டும் சேற்றுவெளியில் வைத்த பெயர்கள். வைத்தவர் பதினாறாம் பாத்திக்காரர். எல்லாரைப் பற்றியும் எல்லாருக்கும் சொல்வதால் அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் வானொலி.

எறும்பு, நிதானத்தின் அண்ணன் மனைவி. ஐம்பத்திரண்டு வயது. வற்று தொடங்குவதற்கு அரை மணி முன்பே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையில் நின்று, கடல் இன்னும் போகவில்லையே என்று கோபமாகப் பார்ப்பார். வீடு, அதன் பின்கட்டு, சைக்கிள் எல்லாமே கணவர் பெயரில் இருந்தன. எறும்பின் பெயரில் இருந்தது பாத்தி ஒன்றுதான்.

நிதானம், கணவரின் தங்கை. நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே வீட்டின் பின் அறையில் இருந்தார். வலது முட்டி மடங்காது. எல்லாரும் பாதி வேலையை முடித்த பிறகு வந்து, ஒரு பிளாஸ்டிக் முக்காலியைச் சேற்றில் போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டியதை எடுப்பார். பிறகு முக்காலியை நகர்த்துவார்.

இரண்டும் ஒரு காலத்தில் ஒரே பாத்தி. மாமனார் இறப்பதற்கு முன் அதை மகனுக்கும் மகளுக்கும் பாதியாகப் பிரித்தார். மகனுக்குச் சேறு பிடிக்காது. அவர் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். தன் பாதியை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார். நடுவில் ஒரு வலை கட்டினார்கள். முழங்கால் உயரம், சேற்றுக்குள் ஒரு சாண். நண்டும் நத்தையும் தாண்டக் கூடாது என்பதற்காக எல்லாப் பாத்திகளையும் சுற்றி அப்படி வலை உண்டு.

நத்தை என்பது உருண்டையான, வழவழப்பான கடல்நத்தை. எலுமிச்சம்பழ அளவு வளரும். சேற்றுக்குள்ளேயே உழுதுகொண்டு போய் மட்டியைப் பிடிக்கும். ஓட்டில் துளை போட்டு உள்ளேயிருப்பதைத் தின்னும். தின்ற பிறகு ஓடு மிஞ்சும். அதில் வெளியே மிளகளவில் தொடங்கி உள்ளே ஊசி முனையில் முடிகிற வட்டமான துளை இருக்கும், தச்சன் போட்டதுபோல. எறும்பு அந்த ஓடுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் டப்பா நிறைந்தது.

"பாருங்க, ஒவ்வொண்ணும் கொலை" என்று கணவரிடம் காட்டினார்.

"ஆமா" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"நூத்திப் பத்து இருக்கு. நூத்திப் பத்து மட்டி. அளவு மேடம் சட்டத்துல விழவேண்டியது."

"ஆமா."

"ஆமா போடறதுக்கு மாசச் சம்பளம் குடுக்கறாங்களா உங்களுக்கு?"

அவர் அதற்கு ஆமா சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார்.

மறுநாளிலிருந்து எறும்பு நத்தை எடுக்கத் தொடங்கினார். சேற்றின் மேல் லேசான வீக்கமும் பின்னால் ஒரு கோடும் தெரிந்தால் அடியில் நத்தை இருக்கும். குனிந்து விரலை விட்டால் வரும். முதல் நாள் ஒரு வாளி சேர்ந்தது. கரை நானூறு அடி தூரம். வாளி கனம். பதினெட்டின் வலை நான்கு அடி தூரம். அன்றைக்கு அவர் எதையும் திட்டமிடவில்லை. இடுப்பு வலித்தது, வலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டார்.

இரண்டாம் நாள் திட்டமிட்டார்.

நிதானம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் முன்னைவிடச் சீக்கிரம் போனார். நத்தை கையில் வர வர அப்படியே வலைக்கு அந்தப் பக்கம் வீசினார். ஒரு வற்றுக்கு எழுபது, எண்பது. மண்ணும் பசையும் கலந்து செய்த, உடைந்த பானை விளிம்பு மாதிரி வட்டமான துண்டுகளும் சேற்றில் கிடந்தன. அவை நத்தையின் முட்டைகள் என்று அவருக்குத் தெரியும். அவற்றையும் வீசினார். தன் பாத்தியில் முடிந்ததும் கரையோரக் கல்லிடுக்கில் ஒட்டியிருந்தவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து வீசினார். அதற்கு வாளி தூக்க வேண்டியிருந்தது. தூக்கினார்.

மே மாதம் ஒரு நாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிதானம் சொன்னார்: "இந்த வருஷம் நத்தை ஜாஸ்தி."

"அப்படியா?" என்றார் எறும்பு.

"முக்காலிய நகத்தினா கீழ ரெண்டு இருக்கு. உங்க பக்கம் எப்படி அண்ணி?"

"என் பக்கம் ஒண்ணுகூட இல்ல. குனிஞ்சு எடுக்கறவ பாத்தியில நத்தை ஏன் இருக்கும்?"

"அதுவும் சரிதான்."

"நீயும் எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கலாம். முட்டி மடங்கணுமே."

"முட்டி மடங்கலன்னா பாத்தி போயிடும்மா. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழுதா முட்டி மடங்குமா அண்ணி? குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க."

எறும்பு குழம்பைத் தள்ளினார். அன்றைக்கு அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் எழுபத்து நான்கு வீசினார்.

ஜூன் மாதம் பதினேழில் அரிசி அளவுக்குக் கருப்பாக ஏதோ தெரிந்தது. ஜூலையில் அது விரல் நகம் அளவு. சின்னக் கருஞ்சிப்பிகள். ஒவ்வொன்றும் நூல் விட்டுப் பக்கத்துச் சிப்பியைப் பிடித்துக்கொண்டது. அது தன் பக்கத்திலிருந்ததைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் பதினேழாம் பாத்தி முழுதும் ஒரே பாயாக இருந்தது. காலை வைத்தால் அமுங்கி எழும்பியது.

எறும்புக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, நத்தைய எடுத்ததும் எப்படி செழிப்பாயிடுச்சு" என்று பதினாறில் நின்ற வானொலியிடம் சொன்னார்.

வானொலி வலையைத் தாண்டி வந்து பூட்ஸால் பாயை அழுத்திப் பார்த்தார். "மெத்தை மாதிரி இருக்கு. அடியில மட்டி இருக்கா?"

"ஏன் இருக்காது? மேல மெத்தை போட்டா நல்லாத்தானே தூங்கும்?"

"எனக்கென்ன தெரியும். சும்மா கேட்டேன்." வானொலி போய் மற்ற எல்லாப் பாத்திகளிலும் இதைச் சொன்னார்.

செப்டம்பரில் எறும்பு பாயை ஓரிடத்தில் கிழித்துப் பார்த்தார். கிழிக்கக் கத்தி தேவைப்பட்டது. அடியில் சேறு கன்னங்கரேலென்று இருந்தது, அழுகிய முட்டை வாடை அடித்தது. மட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. சிலவற்றில் உயிர் இருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. ஓடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிலும் துளை இல்லை.

துளை இல்லாமல் செத்த மட்டிக்கு அவரிடம் காரணம் இல்லை. அவருக்குத் தெரிந்த கொலைகாரன் ஒருவன்தான். ஒரு மணி நேரம் தேடிப் பாயின் விளிம்பில் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார். கடலைப்பருப்பு அளவு இருந்தது. அதை வழக்கத்தைவிட வேகமாக வீசினார். அதன் பிறகு நாளுக்கு இரண்டு வற்றுக்கும் போகத் தொடங்கினார்.

பதினெட்டில் பாய் இல்லை. வலையை ஒட்டிய பாதியில் சேறு சேறாகவே இருந்தது. தூரத்துப் பாதியில் மட்டும் அங்கங்கே கருப்புத் திட்டுகள் இருந்தன. நிதானம் முக்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, வியாழக்கிழமை. அளவு மேடம் காலை 6.15-க்கு வந்தார். டிக்கெட் கொடுப்பவர் விடுப்புப் போட்டுவிட்டு முதன்முறையாகப் பூட்ஸ் அணிந்து வந்தார். மனைவியின் பாத்தியிலும் நிற்காமல் தங்கையின் பாத்தியிலும் நிற்காமல் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் பதினேழு. பத்து இடத்திலும் பாயைக் கத்தியால் அறுத்துத்தான் சட்டத்தை வைக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. அளவு மேடம் பென்சிலால் பலகையில் எழுதினார். சதுர மீட்டருக்கு 41.

"என்னது?" என்றார் எறும்பு.

"நாப்பத்தொண்ணு அக்கா."

"மேல இவ்வளவு இருக்கே!"

"அது மட்டி இல்ல, கருஞ்சிப்பி. அதுக்கு இங்க கணக்கு கிடையாது."

பிறகு பதினெட்டு. நிதானம் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். சதுர மீட்டருக்கு 159. எறும்பு, பூட்ஸ் அமுங்கிய இடத்திலிருந்து காலை எடுக்கவில்லை.

அளவு மேடம் பலகையைக் கீழே வைக்கவில்லை. சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு சட்டத்துக்கு ஒரு நத்தை வரும். சில இடத்துல ரெண்டு. இங்க வலைப் பக்கம் பதினொண்ணு வருது."

"வருது" என்றார் நிதானம்.

"எங்கிருந்து வந்தது?"

"தெரியாது. நான் கேக்கல."

"நத்தை இவ்வளவு இருந்தா மட்டி குறையணும். உங்ககிட்ட அவ்வளவா குறையல. வெளியிலிருந்து கூடை கூடையா மட்டி கொண்டு வந்து கொட்டியிருந்தா நத்தையும் கூடவே வரும். அப்ப ரெண்டும் ஜாஸ்தியா இருக்கும். விதி படிச்சீங்கல்ல?"

"படிச்சேன். நான் கொட்டல."

"பின்ன?"

"தானா வந்தது. முட்டி மடங்காதவ எடுக்கல. அவ்வளவுதான்."

அளவு மேடம் பலகையில் 159 என்ற எண்ணின் மேல் குறுக்காக ஒரு கோடு போடப் பென்சிலை வைத்தார். கோடு போட்டால் பதினெட்டு பூஜ்யம். நாற்பத்தொன்று பூஜ்யத்தைவிடப் பெரிது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. டிக்கெட் கொடுப்பவர் வலையைப் பிடித்திருந்த கையை மாற்றினார். எறும்பு வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றார் அளவு மேடம் நிதானத்திடம். எழுதுவதற்கு முன் ஆறுதலாக ஏதாவது சொல்வது அவர் வழக்கம். "விதி விதிதான். ஆனா அஞ்சாறு மாசம் சத்தமில்லாம எவ்வளவு உழைச்சிருக்கணும்! இந்த முட்டிய வச்சுக்கிட்டு இத்தனைய சுமந்திருக்கீங்க. பாராட்டத்தான் தோணுது."

"நிதானம்னு பேரு வச்சது நான்" என்றார் வானொலி. "தப்பாப் போச்சு. நம்ம எறும்பையே தூக்கிச் சாப்பிட்டுட்டா!"

"யாரு?" என்றார் எறும்பு.

எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரு சுமந்தது? இவளா? இவ உக்காந்த முக்காலிய நகத்தறதுக்கே நாள் பாக்கறவ. இவ ஒரு நத்தைய குனிஞ்சு எடுத்ததை யாராவது பாத்திருக்கீங்களா? நான் எடுத்தேன். நான் வீசினேன். ஏப்ரல்லேர்ந்து தினம் எழுபது, எண்பது. மழையில எடுத்தேன், காய்ச்சல்ல எடுத்தேன். கல்லுல ஒட்டினதைக்கூட விடல. இடுப்பு ஒடிஞ்சது எனக்கு, பாராட்டு இவளுக்கா?"

"அடியேய்!" என்றார் டிக்கெட் கொடுப்பவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் சொல் அது.

"நீங்க சும்மா இருங்க. இருபத்தெட்டு வருஷமா சும்மாத்தானே இருந்தீங்க."

அளவு மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "வீசினீங்கன்னா எப்படி வீசினீங்க?"

"எப்படின்னா? இப்படி." எறும்பு சல்லடையிலிருந்து ஒரு நத்தையை எடுத்து, தன் பாத்திக்குள் போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, வலைக்கு மேலே வீசினார். நத்தை விழுந்தது. அளவு மேடம் நாடாவைப் பிடித்து அளந்தார். வலையிலிருந்து ஐந்து மீட்டர் எண்பது. பிறகு பதினெட்டின் தூரத்துப் பாதியில் கூடுதலாக மூன்று இடத்தில் சட்டத்தை வைத்தார். நத்தை ஒன்று, பூஜ்யம், ஒன்று. கருப்புத் திட்டு மூன்று இடத்திலும் இருந்தது. திரும்பி வலைப் பக்கம் வைத்தார். நத்தை பன்னிரண்டு. கருப்பு எதுவும் இல்லை. சல்லடையில் கருஞ்சிப்பி ஓடுகள் மட்டும் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருந்தது.

"சரி" என்றார். "இப்ப கணக்கு உதைக்கல."

"என்ன உதைக்கல?" என்று வானொலி கேட்டார். அவருக்கு அது பிறகு தேவைப்படும்.

"மட்டி ஓடு தடி. துளை போட நத்தைக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். கருஞ்சிப்பி ஓடு காகிதம் மாதிரி. காகிதம் கிடைக்கறப்ப பலகைய எவன் துளைப்பான்? இவங்க பக்கம் நத்தை கருஞ்சிப்பிய முளையிலேயே தின்னுடுச்சு, மட்டிக்கு மூச்சு விட இடம் கிடைச்சது. அவங்க பக்கம் தின்ன ஆள் இல்ல. பாய் மூடிடுச்சு."

"அப்ப நத்தை நல்லதா?"

"நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அது சாப்பிடுது."

அளவு மேடம் நிதானத்தின் பக்கம் திரும்பினார். உரிமம் வைத்திருப்பவர் கொண்டுவந்து விட்டால்தான் விதி பொருந்தும்; பக்கத்துக்காரர் வீசினால் பொருந்தாது என்றார். வீசுகிறவருக்கு ஏதாவது தண்டனை உண்டா என்று வானொலி கேட்டார். அப்படி ஒருவர் செய்வார் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை என்றார் அளவு மேடம். 159 அப்படியே நின்றது. இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். எறும்பு கையெழுத்துப் போடும்போது பலகை சேறானது. அளவு மேடம் துடைத்துவிட்டார்.

கடல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாரும் கரைக்கு நடந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் பழக்கமில்லாததால் இரண்டு முறை விழுந்தார்.

கொட்டகையில் குழாயடியில் பூட்ஸ் கழுவும்போது நிதானம் சிமென்ட் மேடையில் உட்கார்ந்து காலை நீட்டினார். எறும்பு வழக்கம்போல் அந்த பூட்ஸையும் பிடித்து இழுத்துக் கழற்றினார். முட்டி மடங்காததால் நிதானத்தால் தானாகக் கழற்ற முடியாது.

"தினம் எண்பதா அண்ணி?" என்று நிதானம் கேட்டார்.

"ஒரு நாள் நூத்தி நாலு."

"தோள் வலிச்சிருக்குமே."

"வலிச்சது. தைலம் போட்டேன்."

"என் அறையில இருந்த தைலமா? பாட்டில் அப்பவே தீந்து போச்சேன்னு பாத்தேன்."

எறும்பு பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினார். "எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தியா?"

"வலைக்கு மேல பறந்து வர்ற நத்தைய நான் பாத்தது கிடையாது. ஆனா நத்தை தானா மல்லாந்து விழாது. காலையில வந்து பாத்தா பாதி மல்லாந்து கிடக்கும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சண்டை போடணும். சாயந்திரம் நீங்கதானே சோறு போடறீங்க." நிதானம் மற்றக் காலை நீட்டினார். "பாத்தி போயிடும்னுதான் இருந்தேன். போகட்டும், உங்களுக்காவது இருக்கும்னு நெனச்சேன். அப்படியும் இல்ல, இப்படியும் இல்ல, இந்த மாதிரி ஆச்சு."

எறும்பு இரண்டாவது பூட்ஸை இழுத்தார். அது வர மறுத்தது. "இறுக்கிப் பிடிக்காத. விடு" என்றார். "நான் நாளைக்கு என்ன செய்வேன் சொல்லு. காலையில எழுந்து எங்க போவேன்?"

பூட்ஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலை வற்று 6.55-க்கு. எறும்பு 6.20-க்குக் கரையில் நின்றார். கடல் போனதும் பதினேழைத் தாண்டி நடந்து பதினெட்டுக்குள் இறங்கி, தூரத்துப் பாதியிலிருந்த கருப்புத் திட்டுகளைக் கத்தியால் அறுத்து எடுக்கத் தொடங்கினார். நிதானம் எட்டு மணிக்கு முக்காலியுடன் வந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பதினாறிலிருந்து வானொலி மட்டும் சத்தம் போட்டுக் கேட்டார்.

"என்னம்மா, எல்லை தாண்டிட்ட?"

"உங்க பாத்தியில வேல இல்லையா உங்களுக்கு?" என்றார் எறும்பு நிமிராமல்.

2015 ஜனவரி 19-ஆம் தேதி தூர்வாரும் இயந்திரம் வந்தது. பதினேழாம் பாத்தியைப் பாயோடு அள்ள நான்கு நாட்கள் ஆயின. பிப்ரவரியில் படகு புதிய கால்வாய் வழியாகப் போகத் தொடங்கியது. அக்கரைக்கு இப்போது பதினோரு நிமிடம், முன்பு இருபத்தாறு. எறும்பின் பெயரில் பாத்தி எதுவும் இல்லை. பதினெட்டாம் எண் உரிமத்தில், உடன் வேலை செய்பவர் என்ற கட்டத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. உறவுமுறை என்ற இடத்தில் நிதானம் 'அண்ணி' என்று எழுதியிருக்கிறார்.